தியேட்டர் அக்கா பதில்கள்: கையெழுத்துக்கு முன்னாடியும் தையலுக்குப் பின்னாடியும்

(ஆபரேஷன் தியேட்டர் நர்ஸா வேலை பாத்து ரிட்டையர் ஆன நம்ம பாளையங்கோட்டை அக்கா வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லுதாவ. இந்தத் தடவை வந்த கேள்வி பூராவும் சர்ஜன்மாரைப் பத்தினது.)

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு வயசு 52. கம்பெனியில மாஸ்டர் செக்கப்னு ஸ்கேன் எடுத்ததுல பித்தப்பையில கல்லு இருக்குன்னு வந்துச்சு. வலி கிலி ஒண்ணும் கிடையாது. ஸ்கேன் எடுத்த எடத்துலயே ஒரு சர்ஜன் பேரைச் சொல்லி அனுப்பிட்டாவ. அவரும் இந்த வாரமே அட்மிட் ஆயிருங்க, விட்டா உள்ளயே வெடிச்சிரும்ங்காவ. இன்னொரு டாக்டர்ட்ட காமிப்போம்னா இவரு "அவரு கோச்சுக்கிட்டா என்ன செய்ய"ன்னு தயங்குதாவ. என்ன அக்கா செய்யட்டும்?
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமா காமிங்க தாயி. இன்னொரு டாக்டர்ட்ட அபிப்பிராயம் கேக்கது உங்க உரிமை, அதுக்குக் கோச்சுக்கிடுத ஆள்ட்ட வயித்தைக் குடுக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. நான் பக்கத்துல நின்னு வேலை பாத்த நல்ல சர்ஜன்மார் "சந்தேகமா இருந்தா வேற எடத்துலயும் கேட்டுட்டு வாங்க"ன்னு அவங்களாவே ரிப்போர்ட்டைக் கையில குடுத்து அனுப்புவாவ.

விஷயத்துக்கு வருவோம். வலி இல்லாம, வேற எதுக்கோ எடுத்த ஸ்கேன்ல தற்செயலா தெரியுத கல்லுல முக்காவாசி அது பாட்டுக்குக் கிடக்கும், ஆயுசு பூரா தொந்தரவே பண்ணாம போறவங்கதான் ஜாஸ்தி. அதனால வலி இல்லாத கல்லுக்குப் பொதுவா ஆபரேஷன் வேண்டாம்னுதான் புஸ்தகத்துலயே இருக்கு. சிலருக்கு மட்டும் யோசிப்பாவ, கல்லு ரொம்பப் பெருசா இருந்தா, பித்தப்பை சுவர்ல சுண்ணாம்பு படிஞ்சிருந்தா, உள்ள பெரிய பாலிப் (சதை வளர்ச்சி) இருந்தா, இப்படி. உங்க வீட்டுக்காரருக்கு அதுல எது இருக்குன்னு அந்த டாக்டர்ட்டயே கேளுங்க, இருந்தா இருக்குன்னு காரணத்தோட சொல்லட்டும். அதே நேரம் எண்ணெய்ப் பலகாரம் தின்ன பிறகு வலது விலாவுக்குக் கீழ பிடிச்சு இழுத்தா, காய்ச்சல் வந்தா, கண்ணு மஞ்சளாச்சுன்னா ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க, அப்ப கதை வேற.

இன்னொண்ணு. ஸ்கேன் எடுத்த எடத்துலயே பேரைச் சொல்லி அனுப்பிட்டாவன்னு எழுதிருக்கீங்களே, அந்த வரியிலதான் என் கண்ணு நின்னுச்சு. உங்க விஷயத்துல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா பொதுவா சொல்லுதேன், பேஷண்டை அனுப்புததுக்கு கமிஷன் குடுக்கதும் தப்பு, வாங்குததும் தப்பு, 2002-ல வந்த மருத்துவ கவுன்சில் ஒழுக்க விதியில இது பச்சையா எழுதிருக்கு. ஒரு ஆபரேஷனுக்குக் காரணம் பேஷண்டோட உடம்புல இருக்கணும், வேற எங்கயும் இருக்கக்கூடாது.

கேள்வி: எனக்கு வயசு 36. பீடி சுத்துதேன். ரெண்டு பிள்ளைங்க. வெள்ளைப்படுது, இடுப்பு வலி தாங்கல. ஒரு ஆஸ்பத்திரியில கர்ப்பப்பையை எடுத்துருவோம், இல்லன்னா கேன்சராயிரும்னு சொல்லிட்டாவ. மாமியாரும் வீட்டுக்காரரும் சரின்னுட்டாவ, அவங்களே கையெழுத்துப் போட்டுக்கிடுவாங்களாம். எனக்குப் பயமா இருக்கு. நான் வேண்டாம்னு சொல்லலாமா? பேர் போடாதீங்க.
— வாசகி, மேலப்பாளையம்

பதில்: சொல்லலாம். உங்க கர்ப்பப்பைக்கு உங்க கையெழுத்துதான். 18 வயசு தாண்டி சுயநினைவோட இருக்குத பொம்பளைக்குப் பதிலா மாமியாரு, வீட்டுக்காரரு, பெத்த தாயி யாரு போட்டாலும் அது சம்மதம் ஆகாது.

இதை நானா சொல்லல. டெல்லியில 1995-ல 44 வயசு அம்மா ஒருத்தங்க, கல்யாணம் ஆகாதவங்க, உள்ள என்ன கோளாறுன்னு லேப்ராஸ்கோப் (வயித்துல சின்னத் துளை வழியா விடுத கேமராக் குழாய்) வச்சுப் பாக்கதுக்கு மட்டும் சம்மதிச்சு தியேட்டருக்குள்ள போனாவ. அவங்க மயக்கத்துல கிடக்கும்போதே வெளிய நின்ன தாயார்ட்ட கேட்டுட்டு கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. சமீரா கோலி வழக்குன்னு சொல்லுவாவ, 2008-ல தீர்ப்பு. பேஷண்டுக்கு மயக்கம் தெளியுத வரைக்கும் காத்திருக்கலாம், உயிருக்கு உடனடி ஆபத்து கிடையாது, அப்படி இருக்கும்போது தாயார் குடுத்த சம்மதம் செல்லாதுன்னு கோர்ட் சொல்லிருச்சு. நல்ல எண்ணத்துலயே செஞ்சிருந்தாலும், ரெண்டாவது ஆபரேஷன் செலவு மிச்சம்னு நினைச்சிருந்தாலும், கேக்காம செஞ்சது தப்புதான்னு சொல்லி டாக்டருக்கு ஃபீஸ் கிடையாதுன்னாங்க, 25,000 ரூபா நஷ்டஈடும் குடுக்கச் சொன்னாங்க. தொகை சின்னதுதான். ஆனா நம்ம நாட்டுல ஒரு சர்ஜன் என்னென்ன சொல்லிட்டுக் கத்தி வைக்கணும்ங்கதுக்கு அந்தத் தீர்ப்புதான் இன்னைக்கும் அளவுகோலு. என்ன ஆபரேஷன், எதுக்கு, என்ன நன்மை, வேற வழி இருக்கா, என்ன பெரிய ஆபத்து வரலாம், பண்ணாம விட்டா என்ன ஆகும், இத்தனையும் உங்களுக்குப் புரியுத பாஷையில சொல்லணும்.

வெள்ளைப்படுததுக்குக் காரணம் பெரும்பாலும் கிருமித் தொற்று, மாத்திரையில போயிரும். கேன்சர் பயம்னா அதுக்கு கர்ப்பப்பை வாயில டெஸ்ட் இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே காசில்லாம பாக்காவ, சந்தேகம் இருந்தா துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவாவ. அந்த டெஸ்டுல ஒண்ணு கூட செய்யாம "கேன்சராயிரும்"னு சொல்லுதது வைத்தியம் இல்ல தாயி, பயங்காட்டுதது. பெரும்போக்கு இருந்தாலும் முதல்ல மாத்திரை, அடுத்து கர்ப்பப்பைக்குள்ள வைக்குத ஹார்மோன் சாதனம்னு படிப்படியா வழி இருக்கு. எதுக்குமே கேக்காத பெரிய கட்டி, அடி இறங்கிப் போறது, நெசமாவே கேன்சர், இதுக்கெல்லாம் எடுக்கத்தான் வேணும், அப்ப எடுத்தா நல்லதுதான். ஆனா 36 வயசுல கர்ப்பப்பையோட சேத்து ரெண்டு சினைப்பையையும் எடுத்துட்டா உடனே மாதவிடாய் நின்ன உடம்பாயிரும், எலும்பு சீக்கிரம் தேயும், உடம்பு எரியும். நாள் பூரா குத்தவச்சு முறத்தை மடியில வச்சுப் பீடி சுத்துதவங்களுக்கு இடுப்பு வலி எங்க இருந்து வருதுன்னும் டாக்டர் கேட்டிருக்கணும்.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான்ல ஏழைப் பொம்பளைங்களுக்கு இன்சூரன்ஸ் காசுக்காகத் தேவையில்லாம கர்ப்பப்பையை எடுத்தாங்கன்னு ஒரு டாக்டரே பொதுநல வழக்குப் போட்டாரு. 2023 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட், இதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் போட்ட வழிமுறைகளை எல்லா மாநிலமும் 3 மாசத்துக்குள்ள நடைமுறைப்படுத்தணும்னு சொல்லிச்சு. உங்களுக்கு இருக்குத பயம் வீண் பயம் இல்லன்னு வீட்டுல சொல்லுங்க. முதல்ல பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்ல இருக்குத அரசுப் பெரியாஸ்பத்திரியில மகப்பேறு ஓ.பி.க்குப் போங்க, துணைக்கு மாமியாரையே கூட்டிட்டுப் போங்க, டாக்டர் சொல்லுததை அவங்க காதாலயும் கேக்கட்டும்.

கேள்வி: நாங்குநேரி பக்கம் நாலுவழிச் சாலையில தம்பி பைக்கோட விழுந்துட்டான். பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரியில முன்பணம் கட்டுனாதான் தியேட்டருக்குள்ள கொண்டு போவோம்னாங்க. அப்படிச் சொல்லலாமா?
— வாசகர், நாங்குநேரி

பதில்: சொல்லக்கூடாது. அடிபட்டு வந்தவனுக்கு முதல்ல உயிரைக் காப்பாத்துத வைத்தியம், காசு, போலீஸு எல்லாம் பிறகுன்னு 1989-லயே சுப்ரீம் கோர்ட் பரமானந்த் கட்டாரா வழக்குல சொல்லிருச்சு, அரசு டாக்டர் தனியார் டாக்டர்ங்க வித்தியாசமே கிடையாது. நம்ம மாநிலத்துல 2021 டிசம்பர்ல இருந்து "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் வேற இருக்கு, சேந்திருக்குத ஆஸ்பத்திரியில விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் செலவை அரசாங்கம் பாத்துக்கிடும், யாரு எந்த ஊருன்னு கேக்க மாட்டாவ. வசதி இல்லாத ஆஸ்பத்திரின்னா ரத்தத்தை நிறுத்தி, மூச்சைச் சரி பண்ணி, ட்ரிப் போட்டு, அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டு அனுப்பணும். வாசல்லயே திருப்பி அனுப்புததுக்குப் பேரு ரெஃபரல் இல்ல.

கேள்வி: பேர் போன சர்ஜன்னுதான் அவரைத் தேடிப் போனோம். அப்பாவுக்கு ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன். அன்னைக்கு அவர் ஊர்லயே இல்லன்னு பிறகுதான் தெரிஞ்சுது, வேற ஒரு டாக்டர் பண்ணிருக்காரு. அப்பா நல்லாத்தான் இருக்காவ. ஆனாலும் மனசு கேக்கல. இது ஏமாத்து வேலை இல்லையா?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: ஆமா, ஏமாத்துதான். நல்லா முடிஞ்சதுனால அது இல்லன்னு ஆயிராது. மயங்கிக் கிடக்குத மனுசன் யார் கையை நம்பிப் படுத்தானோ அந்தக் கைதான் தொடணும், மாத்தணும்னா மயக்கம் குடுக்கதுக்கு முன்னாடி அவன்ட்ட சொல்லி, அவன் சரின்னாதான் மாத்தணும்.

ஆனா இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லிருதேன். திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ் 1965-ல வந்துச்சு, அன்னையில இருந்து எத்தனை சர்ஜன் அங்க படிச்சு வெளிய போயிருக்காவ! அவங்க எல்லாருமே ஒரு நாள் முதல் தையல் போட்டவங்கதான். யூனிட் சீஃப் (அந்தப் பிரிவுக்குப் பெரிய டாக்டர்) எதிர்ல நின்னு கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுக்க, மேற்படிப்பு படிக்குத பி.ஜி. டாக்டர் பண்ணுவாரு, கை நடுங்குச்சுன்னா சீஃப் வாங்கிக்கிடுவாரு. இது ஏமாத்து இல்ல, இப்படிக் கத்துக்குடுக்கலன்னா நம்ம பேரப்பிள்ளைகளுக்கு ஆபரேஷன் பண்ண ஆள் இருக்காது. "இது காலேஜ் ஆஸ்பத்திரி, ஜூனியர் டாக்டரும் சேந்து பண்ணுவாங்க, பெரிய டாக்டர் கூடவே இருப்பாரு"ன்னு முன்னக்கூட்டியே சொன்னா நம்ம சனங்க யாரும் வேண்டாம்னு சொல்லி நான் பாக்கல. சொல்லாம விடுததுலதான் தப்பு பிறக்கு. உங்க கேஸ் ஷீட்டையும் ஆபரேஷன் நோட்டையும் நகல் கேளுங்க, யார் பண்ணுனாங்கன்னு அதுல எழுதிருக்கணும். அந்தப் பெரிய டாக்டர்ட்ட நேர்லயும் போய்க் கேளுங்க, கேக்கது மரியாதைக் குறைவு ஆகாது.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, மாத்திரை ஒழுங்கா போடுதேன். மூலத்துக்கு ஆபரேஷன் பண்ண மாட்டேன்னு ஒரு டாக்டர் சொல்லிட்டாரு.
— பெயர் வேண்டாம், வள்ளியூர்

பதில்: அந்தக் காரணத்துக்காக மாட்டேன்னு சொல்ல அவருக்குச் சட்டத்துல எடமே இல்ல தம்பி. 2017-ல வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு. அந்தச் சட்டப்படி வைத்தியம் மறுக்கவும் கூடாது, உங்க சம்மதம் இல்லாம உங்க நிலைமையை வெளிய சொல்லவும் கூடாது. எல்லா பேஷண்டோட ரத்தத்தையும் தொற்று இருக்குத ரத்தமா நினைச்சுத்தான் கிளவுஸ், கண்ணாடி, ஊசி எல்லாத்துலயும் கவனமா இருக்கணும்னு எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுப்பாவ, அப்படி இருக்கும்போது உங்களை மட்டும் தள்ளி வைக்கதுக்கு ஒரு நியாயமும் இல்ல. நீங்க மாத்திரை வாங்குத ஏ.ஆர்.டி. சென்டர்ல உங்க கவுன்சிலர்ட்ட சொல்லி லெட்டர் வாங்கிட்டுப் பெரியாஸ்பத்திரி சர்ஜரி ஓ.பி.க்குப் போங்க.

கேள்வி: அப்பாவுக்குக் குடல் அடைப்புன்னு ராத்திரியோட ராத்திரியா ஆபரேஷன் பண்ணுனாங்க. மூணாம் நாள் ஐ.சி.யூ.ல இறந்துட்டாவ. என்ன ஆச்சுன்னு கடைசி வரைக்கும் அந்த டாக்டர் வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லல, மேனேஜர்தான் வந்து பில்லைப் பத்திப் பேசுனாரு. கோவத்துல சொந்தக்காரப் பயலுவ கண்ணாடியை உடைச்சிட்டானுவ, எங்க மேல கேஸு. தப்பு யார் மேலன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட?
— வாசகர், ஆலங்குளம்

பதில்: உங்க லெட்டரைப் படிச்சுட்டு எனக்கு அன்னைக்கு வேற வேலை ஓடல. ஆபரேஷனுக்குப் பிறகு பேஷண்ட் இறந்துட்டா சர்ஜன்தான் வெளிய வரணும். அவரேதான் வரணும். ஜூனியரை அனுப்பக்கூடாது, மேனேஜரை அனுப்பவே கூடாது. கைகழுவிட்டு, தொப்பியைக் கழட்டிட்டு, குடும்பத்தை ஒரு ரூமுக்குள்ள உக்காரவச்சு, என்ன இருந்துச்சு, என்ன பண்ணுனோம், எதுல கை மீறிச்சுன்னு சொல்லணும். தப்பு நடந்திருந்தா அதையும் சொல்லணும். நான் பாத்த வரைக்கும், உண்மையைச் சொன்ன டாக்டர் சட்டையை யாரும் பிடிச்சதில்ல, அழுதுட்டே கையெடுத்துக் கும்பிட்டுப் போனவங்க உண்டு. மூடுன கதவைப் பாத்துத்தான் சனங்களுக்கு ஆத்திரம் வரும்.

இப்ப உங்க கேள்விக்கு. குடல் அடைச்சு அழுகிப்போய் வந்தா, எவ்வளவு நல்லா ஆபரேஷன் பண்ணுனாலும் ரத்தத்துல விஷம் ஏறி உயிர் போகலாம், அதனால இறந்ததுனாலயே டாக்டர் மேல தப்புன்னு ஆயிராது. தப்பு இருந்துச்சான்னு தெரிய கேஸ் ஷீட்டு வேணும். எழுத்துல கேளுங்க, கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், அட்மிட் ஆன சிகிச்சையோட ரெக்கார்டை 3 வருஷம் பத்திரமா வச்சிருக்கணும், ரெண்டுமே முன்னாடி சொன்ன அந்த 2002 மருத்துவ கவுன்சில் விதியிலயே இருக்கு. அதை வாங்கிட்டுப் போயி உங்களுக்குத் தெரிஞ்ச வேற ஒரு நல்ல சர்ஜன்ட்ட காட்டுங்க. தப்புதான்னு அவரும் சொன்னா சென்னையில தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம், டாக்டர் நடத்தையை விசாரிக்குதது அவங்க வேலை. காசு வாங்கிப் பாத்த ஆஸ்பத்திரின்னா நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 1995-லயே சுப்ரீம் கோர்ட் அதுக்கு வழி விட்டிருக்கு, 2 வருஷத்துக்குள்ள போடணும். கிரிமினல் கேஸுன்னா 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி சாதாரணக் கவனக்குறைவு பத்தாது, மோசமான அலட்சியம்னு இருக்கணும், போலீஸும் முதல்ல வேற ஒரு டாக்டர்ட்ட கருத்துக் கேட்டுத்தான் மேல போகணும்.

கண்ணாடி உடைச்சதைப் பத்தி மறைக்காம சொல்லுதேன், அது பெரிய தப்பு. ஆஸ்பத்திரியைத் தாக்குனா 2008-ல நம்ம மாநிலம் போட்ட சட்டத்துல ஜாமீன் கிடைக்கதே கஷ்டம். சட்டம் கிடக்கட்டும், இப்படி நாலு எடத்துல நடந்தா அடுத்த தடவை குடல் அடைச்சு ராத்திரி ஒரு மணிக்கு வருத பேஷண்டை ஊர்ல இருக்குத சர்ஜன் தொடவே மாட்டாரு, "ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போங்க"ன்னு ஆம்புலன்ஸுல ஏத்தி விட்டுருவாரு, அந்த ஒரு மணி நேரத்துல போற உயிரு யாரோ ஒருத்தரு அப்பாவா இருக்கும். வக்கீல்ட்ட பேசி அந்தக் கேஸைத் தனியா பாருங்க, கேஸ் ஷீட்டு கேக்கதை அதுக்காக நிறுத்தாதீங்க.

கேள்வி: நான் ஹவுஸ் சர்ஜன் (படிப்பு முடிச்சுப் பயிற்சியில இருக்குத டாக்டர்) அக்கா. தியேட்டர்ல சீஃப் ஏதாவது தவறவிட்டா சொல்லவே நாக்கு எழல, திட்டுவாங்களோன்னு பயம். நான் சொல்லலாமா? கூடப் படிக்கிற சிலர் தியேட்டர்ல ரீல்ஸ் எடுக்காங்க, அது சரியா?
— பாளையங்கோட்டை

பதில்: ரீல்ஸுக்கு முதல்ல. கூடாது தம்பி. மயங்கிக் கிடக்குத ஆளு வேண்டாம்னு சொல்ல முடியாது, அதனாலயே கூடாது. ஆளை அடையாளம் தெரியுத மாதிரி போட்டோவை மருத்துவப் பத்திரிகையில போடணும்னாக்கூட அவங்க அனுமதி வேணும், போன்ல போடுததுக்கு என்ன நியாயம் இருக்கு?

இப்ப அந்தப் பயம். ஒரு ராத்திரி எமர்ஜென்சி, வயித்துல கத்திக்குத்து. ரத்தம் ஊத்துது, மாப்பு மாப்பா வச்சு அமுக்குனாரு சீஃப். மாப்புன்னா தெரியும்ல, கைக்குட்டை அளவுல தடிச்ச துணி, அஞ்சு அஞ்சா கட்டி வரும், உள்ள போனதை எல்லாம் போர்டுல எழுதிட்டே வருவோம். எல்லாம் சரியாகி வயித்தை மூட, தையல் ஊசியைப் பிடிக்குத நீடில் ஹோல்டரைக் கையில வாங்கிட்டாரு. அன்னைக்கு ஸ்கிரப் பண்ணுன (சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் குடுக்குத) நர்ஸுப் பிள்ளை வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, எண்ணிப் பாத்தா ஒண்ணு குறையுது. தொண்டைக்குள்ளயே "சார், ஒரு மாப்பு..."ன்னுச்சு. விடிய மூணு மணி, எல்லாருக்கும் கண்ணு சொருகுது, அவரு நினைச்சிருந்தா "நல்லா எண்ணு"ன்னு எரிஞ்சு விழுந்துட்டுத் தைச்சிருக்கலாம். அப்படிச் செய்யல. நீடில் ஹோல்டரை ட்ரேயில வச்சாரு, ரெண்டு கையையும் நெஞ்சோட சேத்துக்கிட்டு "தேடுங்கம்மா, கிடைக்காம நான் மூட மாட்டேன்"னாரு. பக்கெட்டைக் கொட்டித் தேடுனோம், டேபிளுக்கு அடியில தேடுனோம், இல்ல. திரும்பக் கையை உள்ள விட்டுத் துழாவுனாரு, கல்லீரலுக்குப் பின்னாடி ரத்தத்துல ஊறி, சதை நிறத்துலயே சுருண்டு கிடந்துச்சு. வெளிய எடுத்துப் போட்டுட்டு அந்தப் பிள்ளையைப் பாத்து "தேங்க்ஸ் சிஸ்டர்"னாரு, அம்புட்டுதான். அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை யார்ட்டயும் சத்தமாத்தான் சொல்லும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல ஒரு செக்லிஸ்ட் குடுத்துச்சு, உங்க தியேட்டர்லயும் ஒட்டிருப்பாவ. மயக்கம் குடுக்கதுக்கு முன்னாடி ஒரு தடவை, தோலைக் கீறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பேஷண்டை வெளிய கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, எல்லாரும் நிறுத்திட்டு வாய்விட்டுச் சொல்லணும். பேஷண்ட் பேரு, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், ஆன்டிபயாட்டிக் போட்டாச்சா, எண்ணிக்கை சரியா. டெல்லியும் சேத்து 8 ஊர் ஆஸ்பத்திரியில இதைப் பழக்கி 2009-ல கணக்கு வெளியிட்டாங்க, ஆபரேஷனுக்குப் பின்னால இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8 ஆயிருச்சு. புது மருந்து இல்ல, புது மெஷின் இல்ல. அந்த லிஸ்ட்டு எதுக்குன்னா உங்களை மாதிரி ஆள் வாய் திறக்கதுக்குத்தான். தோலைக் கீறதுக்கு முந்தின நிறுத்தத்துல "சார், கேஸ் ஷீட்டுல வலது பக்கம்னு இருக்கு, ஒரு தடவை பாத்துக்கிடுவோமா"ன்னு கேளுங்க. திட்டு வாங்குனா வாங்கிட்டுப் போங்க, பேஷண்ட் சரியான பக்கத் தையலோட வீட்டுக்குப் போவாரு. நேரா சொல்ல முடியலன்னா மயக்க டாக்டர்ட்டயோ தியேட்டர் சிஸ்டர்ட்டயோ சொல்லுங்க, நாங்க சொல்லுவோம்.

டிக் மட்டும் போட்டுட்டு வாயே திறக்காத தியேட்டரும் உண்டு, தெரியும். உங்க காலத்துலயாவது அதை மாத்துங்க.

கேள்வி: பெரியாஸ்பத்திரியில அம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுல ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. டாக்டர் ஒரு பைசா வாங்கல. எங்க ஊர் அப்பளம் ஒரு கட்டு கொண்டு போய்க் குடுக்க ஆசை, குடுக்கலாமா? ஸ்ட்ரெச்சர் தள்ளுதவரு மட்டும் 300 ரூபா கேட்டு வாங்கிட்டாரு.
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அந்த 300 ரூபாயைப் பத்தி ஆஸ்பத்திரி டீன் ஆபீஸுல எழுதிக் குடுங்க, 104-க்கும் போன் போடலாம், உங்களுக்குப் பின்னாடி வாரவங்கட்ட கேக்காம இருக்கட்டும். டாக்டருக்கு அப்பளம் வேண்டாம் தாயி, குடுக்க முடியாதவங்க மனசு நோகும், வாங்குதவங்களுக்கும் சங்கடம். அதுக்குப் பதிலா ஒரு வெள்ளைத்தாள்ல அம்மா பேரு, வார்டு, ஆபரேஷன் தேதி போட்டு, நல்லபடியா பாத்துக்கிட்டாவன்னு நாலு வரி எழுதி டீனுக்குக் குடுங்க. டாக்டர் பேரோட அனஸ்தீசியா டாக்டர், வார்டு சிஸ்டர் பேரையும் மறக்காம எழுதுங்க.